தாத்தாவின் பித்தளை ஊக்கு

ஒரு கல்யாண வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இடம் ஸ்காட்லாந்து. காலை ஒன்பது மணி. மாப்பிள்ளை கண்ணாடி முன் நிற்கிறார். வாடகைக் கடையிலிருந்து முதல் நாளே வந்து சேர்ந்த பெரிய பை கட்டிலின்மேல் வாய் பிளந்து கிடக்கிறது. கில்ட் கட்டியாகிவிட்டது. முழங்கால் வரை கம்பளிக் காலுறையும் இழுத்து விட்டாகிவிட்டது. இனி மிச்சம் எல்லாம் உலோகச் சாமான்கள்தான். கோட்டுப் பொத்தான், இடுப்புப் பை, அதன் சங்கிலி, காலுறையில் செருகும் சின்னக் கத்தி... எல்லாமே ஒரே மாதிரி பளபளவென்று வெள்ளை.

அந்த நேரம் பார்த்து அம்மா ஒரு சின்னப் பெட்டியோடு வருகிறார். உள்ளே தாத்தாவின் கில்ட் பின். பித்தளை. வருஷக்கணக்காக விரல் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் மழுங்கிப்போன மஞ்சள்.

தோழன் எட்டிப் பார்க்கிறான். "வேண்டாம்டா. எல்லாம் வெள்ளியா இருக்கு, இது ஒண்ணு மட்டும் மஞ்சளா துருத்திக்கிட்டு நிக்கும். போட்டோவுல நல்லாவே இருக்காது."

அம்மா எதுவும் சொல்லவில்லை. பெட்டியை மூடிக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார்.

இந்த மாப்பிள்ளையும் தோழனும் கற்பனை. ஆனால் வழக்கு நிஜமானது. கில்ட் கட்டுகிறவர்கள் நடுவே தீராமல் ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு. வெள்ளி நிறத்தோடு தங்க நிறத்தைக் கலக்கலாமா, கூடாதா? கேட்டால் சின்ன விஷயம் மாதிரிதான் தெரியும். அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு நிற்கிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

முதலில், இவ்வளவு உலோகம் எங்கிருந்து வந்தது?

கில்ட்டைப் பார்த்துப் "பாவாடை" என்று சிரிக்கிறவர்கள் அதை ஒருமுறை கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். நன்றாகத் தைத்த ஒரு கில்ட்டுக்கு 8 கஜம் கம்பளித் துணி போகும். பின்பக்கம் முழுக்க மடிப்பு. முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தட்டையான தலைப்புகள். இவ்வளவு துணி இருந்தும் ஒரு பாக்கெட் கிடையாது! அதனால்தான் முன்னால் ஒரு பை தொங்குகிறது. அதன் பெயர் ஸ்போரன். பகலில் சாதாரணத் தோல் ஸ்போரன். மாலை விருந்து என்றால் ரோமம் வைத்து, மேல் விளிம்பில் உலோகப் பட்டை போட்டது. அதை இடுப்பைச் சுற்றிப் பிடிக்க ஒரு சங்கிலி.

அடுத்தது பெல்ட். அதன் பக்கிள் கிட்டத்தட்ட உள்ளங்கை அகலம். அடுத்தது கில்ட் பின். முன் தலைப்பின் கீழ் மூலையில் குத்தும் பெரிய ஊக்கு. பார்க்கிறவர்கள் அது இரண்டு தலைப்பையும் சேர்த்துப் பிடிக்கிறது என்று நினைப்பார்கள். இல்லை. மேல் தலைப்பில் மட்டும்தான் குத்த வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும்.

காலுறையில் செருகும் கத்திக்கு ஸ்கீன் டூ என்று பெயர். கேலிக் மொழியில் கறுப்புக் கத்தி. அதன் பிடியிலும் உறையிலும் உலோகப் பூண். கோட்டிலும் உள்சட்டையிலும் வரிசையாகப் பொத்தான். தொப்பி வைத்தால் அதில் ஒரு சின்னம். தோளில் துணி போர்த்தினால் அதைப் பிடிக்க ஒரு பெரிய ப்ரூச். சட்டைக் கையில் கஃப்லிங்க்ஸ். மணிக்கட்டில் வாட்ச். விரலில் மோதிரம்.

எண்ணிப் பாருங்கள். பத்துக்கு மேல் வரும். சாதாரண பேன்ட் சட்டை போடும் ஆணுக்கு பெல்ட், வாட்ச், மோதிரம் என்று மூன்றோடு முடிந்துவிடும் தலைவலி, கில்ட் கட்டுகிறவருக்கு மூன்று மடங்கு.

சரி, "எல்லாம் வெள்ளி நிறம்" என்று சட்டம் பேசுகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். எந்த வெள்ளி?

நிஜ வெள்ளியின் வெண்மையில் லேசாக ஒரு வெதுவெதுப்பு இருக்கும். குரோம் முலாம் பூசினது நீலச்சாயல் அடிக்கும், கண்ணாடி மாதிரி மின்னும். பியூட்டர் என்பது பெரும்பங்கு வெள்ளீயம். அது சாம்பல் நிறம், மினுக்கம் குறைவு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னொரு ரகம். நிக்கல் இலேசாக மஞ்சள் காட்டும். பழைய வெள்ளியாக இருந்தால் காற்றிலிருக்கும் கந்தகம் பட்டு, செதுக்கல் வேலையின் பள்ளங்களில் கறுப்பு படிந்திருக்கும். அந்தக் கறுப்பில்தான் அழகே என்று அதைத் தேய்க்காமல் விடுகிறவர்களும் உண்டு. அதைப் பார்த்துவிட்டுப் புதுச் சாமானுக்கே வேண்டுமென்று கறுப்பேற்றி, பழைய சாமான் மாதிரி விற்கிறார்கள்.

ஆக, குரோம் பக்கிளும் பியூட்டர் ஸ்போரனும் நிஜ வெள்ளிப் பின்னும் போட்டவர் "எல்லாம் மேட்சிங்" என்று நிம்மதியாக இருப்பார். வெயிலில் பக்கத்தில் போய்ப் பார்த்தால் மூன்றும் மூன்று நிறம். மஞ்சள் பக்கமும் இதே கதைதான். தங்கம் வேறு, தங்க முலாம் வேறு, பித்தளை வேறு. புதுப் பித்தளையும் களிம்பேறிப் பழுப்பான பித்தளையும்கூட ஒன்று இல்லை. நிறத்தைவிட மினுக்கம்தான் சீக்கிரம் கண்ணில் படும். பழசான வெள்ளியும் பழசான பித்தளையும் பக்கத்துப் பக்கத்தில் சமாதானமாக இருக்கும். பழைய வெள்ளியும் புத்தம் புது குரோமும்தான் சண்டை போடும். இரண்டுமே "வெள்ளி நிறம்" என்றாலும்!

அப்படியானால் ஒரே உலோகம்தான் என்ற கட்டளை எங்கிருந்து வந்தது? பழைய ஹைலண்ட் வழக்கமா? பழசைத் தோண்டினால் வேறு மாதிரி தெரிகிறது.

ஸ்கை தீவைச் சேர்ந்த மார்ட்டின் மார்ட்டின் (ஆமாம், பெயரே அப்படித்தான்) ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைப் பற்றி 1703-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் அந்தக் காலத்துப் பெண்கள் போர்த்திய நீளத் துணியை விவரிக்கிறார். மார்பில் அதைப் பிடிக்கும் கொக்கி அவரவர் தகுதிக்கு ஏற்ப வெள்ளியிலோ பித்தளையிலோ இருக்குமாம். வெள்ளியில் நூறு மார்க் பெறுமானம் உள்ளவற்றையே பார்த்ததாக எழுதியிருக்கிறார். தட்டு அகலம். நடுவில் இன்னொரு சின்னக் கொக்கி, அதில் படிகக் கல். மார்புக்குக் கீழே தோல் பெல்ட், அதில் வெள்ளித் துண்டுகள்.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த உலோகம் என்பதை முடிவு செய்தது ரசனை இல்லை, வசதி. இருக்கிறவர் வெள்ளி போட்டார், இல்லாதவர் பித்தளை போட்டார். அவ்வளவுதான். பக்கிளுக்கும் ப்ரூச்சுக்கும் பொருத்தம் பார்ப்பதெல்லாம் சாமான்கள் நிறைய சேர்ந்த பிறகு வரும் கவலை.

ஆண்கள் பக்கம் வந்தால் துப்பாக்கி. ஸ்டெர்லிங் நகரத்துக்குப் பக்கத்தில் டூன் என்று ஒரு சின்ன ஊர். தாமஸ் கேடல் என்பவர் 1646-ல் அங்கே வந்து தொழிலை ஆரம்பித்தார். அதன்பின் அந்த ஊர் கைத்துப்பாக்கிக்குப் பேர்போனது. டூன் துப்பாக்கியில் கட்டைப் பிடி கிடையாது, பிடியும் உலோகம்தான். இரும்பின்மேல் வெள்ளிக் கம்பியைப் பதித்துச் சுருள் சுருளாகப் பூ வேலை செய்வார்கள். ஹைலண்ட் ஆணின் இடுப்பில் தொங்கிய விலையுயர்ந்த சாமானே இரண்டு உலோகக் கலவை.

இன்னொன்று சொல்லலாம். ஸ்காட்லாந்தின் மிக உயர்ந்த விருது திஸில் விருது. அரசர் ஏழாம் ஜேம்ஸ் 1687-ல் ஏற்படுத்தியது. அதன் நட்சத்திரச் சின்னத்தில் சிலுவையும் கதிர்களும் வெள்ளி. நடுவில் தங்கத் தளத்தில் பச்சை முட்செடி. நாட்டின் முதல் மரியாதையிலேயே வெள்ளியும் தங்கமும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அதைப் பார்த்து யாரும் "மேட்ச் ஆகலையே" என்று சொன்னதில்லை :-)

பிறகு எங்கேதான் மாறியது? இரண்டு இடம் காட்டலாம்.

ஒன்று, ராணுவம். 1746-ல் கலோடன் போரில் ஹைலண்ட் படை தோற்றது. அதே ஆண்டு லண்டன் பாராளுமன்றம் ஹைலண்ட் உடைக்கே தடை போட்டது. ஆண்களும் பையன்களும் கில்ட் கட்டினால் முதல் முறை ஆறு மாதம் சிறை. மறுபடி பிடிபட்டால் ஏழு வருஷம் கடல் கடந்த நாடுகடத்தல். 1782-ல்தான் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் சட்டப்படி தைரியமாகக் கில்ட் கட்டியது யார்? அரசருடைய படையிலிருந்த ஹைலண்ட் சிப்பாய்கள். அவர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது.

ஒரு தலைமுறைக்கு மேலாக கில்ட் உயிர் பிழைத்தது சீருடையாக. சீருடையில் உலோகம் அலங்காரம் இல்லை, அடையாளம். 1830-ல் அரசர் நாலாம் வில்லியம் பிரிட்டிஷ் படை முழுவதற்கும் ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார். நிரந்தரப் படை அதிகாரிகளுக்குத் தங்கச் சரிகை, மிலிஷியா என்ற உள்ளூர்ப் படைக்கு வெள்ளிச் சரிகை. இன்ன உலோகம் என்றால் இன்ன ஆள் என்ற கணக்கு. அங்கே ஒருவர் இஷ்டத்துக்குக் கலந்தால் அது ரசனைக் குறைவு இல்லை, ஒழுங்கு மீறல். அந்தக் கண்டிப்பின் வாசனை கில்ட்டில் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

இதற்கு நடுவில் 1822 ஆகஸ்டில் நாலாம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்பாட்டில் ஊரே டார்டன் மயம். அரசர் சிவப்பு டார்டனில் கில்ட் கட்டினார். அந்த ஹைலண்ட் உடுப்புக்கும் ஆயுதங்களுக்கும் வந்த பில் 1,300 பவுனுக்கு மேல். ப்ரூச் தங்கம். வாளும் துப்பாக்கியும் மெருகேற்றிய எஃகு, அதில் தங்கப் பதிப்பு. தலையிலிருந்து கால்வரை ஒரே உலோகம் என்று அரசரே கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது காரணம் வியாபாரம். இதைப் புரிந்துகொள்ள வரலாறு வேண்டாம், வாடகைக் கடை முதலாளியின் இடத்தில் உட்கார்ந்து யோசித்தால் போதும். ஒரே ஸ்போரன் இந்த சனிக்கிழமை ஒருவருக்கு, அடுத்த சனிக்கிழமை இன்னொருவருக்குப் போக வேண்டும். ஒரு பின் தொலைந்தால் அலமாரியிலிருந்து அதேபோல் இன்னொன்றை எடுத்துப் போட வேண்டும். வாடிக்கையாளர் "இது ஏன் வேற நிறத்துல இருக்கு?" என்று கேட்கவே கூடாது. இதற்கெல்லாம் ஒரே விடை: எல்லாம் ஒரே குரோம். விற்பனைக் கடைக்கும் அதே லாபம். பின் வாங்க வந்தவரிடம் "செட்டாக எடுத்தால் மலிவு" என்று பக்கிளையும் கத்தியையும் சேர்த்து விற்கலாம். தனியாகப் பின் மட்டும் வாங்கினவர்கூட, மற்றது மேட்ச் ஆகவில்லையே என்று அடுத்த மாதம் திரும்பி வருவார்.

இதில் மோசடி எதுவும் இல்லை. வாடகைக் கடை இல்லாவிட்டால் பலர் வாழ்நாளில் கில்ட்டே கட்டியிருக்க மாட்டார்கள். கடைக்கு வசதியான ஏற்பாடு, கொஞ்ச நாளில் "வழக்கம்" என்று பெயர் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த வழக்கத்தின் பெயரைச் சொல்லித்தான் தாத்தாவின் ஊக்கு பெட்டிக்குள் திரும்பிப் போகிறது. தாத்தா காலத்து வழக்கத்தைக் காப்பாற்றுவதற்காகத் தாத்தாவின் ஊக்கை ஒதுக்குகிறார்கள்! என்ன கொடுமை பாருங்கள்.

அதற்காக வீட்டில் இருக்கும் உலோகத்தை எல்லாம் அள்ளி மாட்டிக்கொள்ளலாம் என்று அர்த்தம் இல்லை. பித்தளை பக்கிள், குரோம் ஸ்போரன், செப்பு நிறப் பொத்தான், தங்க வாட்ச், கறுப்புப் பின் என்று ஒருவர் வந்து நின்றால் பழைய சாமான் கடை நடந்து வருவதுபோல்தான் இருக்கும். ஒரே உலோகம் கட்டாயமான இடங்களும் உண்டு. பைப் இசைக்குழுவில் வாசிக்கிறவர் குழு சொன்னதைப் போட வேண்டும். அங்கே ஆள் முக்கியமில்லை, வரிசைதான் முக்கியம். கறுப்புக் கோட்டு, ரோம ஸ்போரன் என்று போகும் மாலை விருந்திலும் வெள்ளி நிறம்தான் பொருத்தம்.

மற்ற இடங்களில் கலக்க நினைக்கிறவர்களுக்குச் சில சங்கதிகள்:

1. பக்கிளும் ஸ்போரனின் உலோகப் பட்டையும் ஒன்றுக்குக் கீழே ஒன்று, ஒரு சாண் தூரத்தில் இருப்பவை. கண் முதலில் அந்த இரண்டையும்தான் ஒப்பிடும். அவற்றை ஒரே நிறமாக வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இன்னும் சுலபமான வழி: உள்சட்டை போட்டால் பெல்ட்டே வேண்டாம். அதுதான் முறையும்கூட.

2. முழுக்கத் தோலில் செய்த ஸ்போரனும் தோல் வாரும் போட்டால், வயிற்றுக்குக் கீழே போட்டிக்கு உலோகமே இல்லை. பின் என்ன நிறமாக இருந்தாலும் தனியாக நிற்கும்.

3. பகல் உடைக்குக் கலவை நன்றாகவே ஒத்துப்போகும். சொரசொரப்பான ட்வீட் கோட்டில் மான்கொம்புப் பொத்தான் போடுவது வழக்கம். பழுப்புத் தோல், கொம்பு, பித்தளை மூன்றும் ஒரே குடும்பம். கறுப்புத் தோலுக்கு வெள்ளி நெருங்கின சொந்தம்.

4. இரண்டு நிறத்தையும் தன்னிடம் வைத்திருக்கும் ஒரு சாமான் இருந்தால் அது மத்தியஸ்தம் செய்யும். கேர்ன்கார்ம் மலைப் பக்கம் கிடைக்கும் ஒரு படிகக் கல் உண்டு, தேன் மாதிரிப் பழுப்பு மஞ்சள். அதை வெள்ளியில் பதித்துக் கத்திப் பிடியிலும் ப்ரூச்சிலும் வைப்பது பழைய பழக்கம். வெள்ளிக்கு நடுவில் அந்த மஞ்சள் இருந்தால், வேறெங்காவது ஒரு பித்தளை தெரியும்போது கண் திடுக்கிடாது.

5. துணியையும் பார்க்க வேண்டும். டார்டனில் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு ஓடினாலே போதும், பித்தளைக்கு அங்கே ஒரு உறவு கிடைத்துவிடும்.

6. கடைசியாக, இரண்டாவது நிறம் ஒரே ஒரு இடத்தில் வந்தால் தவறு மாதிரி தெரியும். இரண்டு இடத்தில் வந்தால் தெரிந்து செய்தது மாதிரி தெரியும்.

கடைசி விஷயத்தோடு அந்தக் கல்யாண வீட்டுக்குத் திரும்பலாம். மாப்பிள்ளை இன்னும் கண்ணாடி முன்தான் நிற்கிறார். வாடகை சாமான் எல்லாம் குரோம். அதை மாற்ற நேரம் இல்லை, பணமும் இல்லை. உள்சட்டை இருப்பதால் பெல்ட்டைக் கழற்றி வைக்கலாம். அப்புறமும் ஸ்போரன், பொத்தான், கத்தி எல்லாம் வெள்ளைதான். பின் ஒன்றுதான் மஞ்சள். தோழன் சொன்னது இந்த நிமிஷத்துக்குச் சரி. தனியாகத்தான் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஆனால் தோழனின் கோட்டுப் பையில் ஒரு டப்பா இருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள் என்று முந்தின நாள் இரவு அவனிடம் கொடுத்தது. உள்ளே இரண்டு மோதிரம். இரண்டும் தங்கம். பன்னிரண்டு மணிக்கு அதில் ஒன்று மாப்பிள்ளையின் விரலுக்கு வந்துவிடும். அதன்பிறகு எடுக்கிற எல்லா போட்டோவிலும் மஞ்சள் இரண்டு இடத்தில் இருக்கும்.

தோழன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறான். ஒன்றும் பேசவில்லை.

அம்மா பெட்டியைத் திறந்து, குனிந்து, பின்னைக் குத்துகிறார். மேல் தலைப்பில் மட்டும்.